பெட்டகத்தின் சாவி

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் ஓர் இரும்புப் பெட்டகம் இருக்கிறது. நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. இப்போது அதில் பணமும் இல்லை, நகையும் இல்லை. பழைய பேரேடுகளும் வரி ரசீதுகளும் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த சில காகிதங்களும் கிடக்கின்றன. என் சின்ன வயதில் அதன் சாவிக்கொத்து அப்பத்தாவின் இடுப்பில் தொங்கும். அவர் நடந்து வருவதைச் சாவிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்போம். வீட்டுச் சொத்துக்கெல்லாம் அப்பத்தாதான் சொந்தக்காரர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

சட்டம் படித்து இதே ஊரில் வக்கீலாகப் பதிவு செய்த பிறகு, ஒரு தேவைக்காக அந்தப் பேரேடுகளைப் பிரித்துப் பார்த்தேன். 1936இல் அப்பத்தாவின் கல்யாணத்தின்போது அவருடைய பிறந்த வீட்டார் கொடுத்த பணம் ஐயாவின் தொழிலில் அவர் பேரில் வரவு வைக்கப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஆச்சிமார் பணம் என்று பெயர். வருடா வருடம் வட்டி கட்டி, கூட்டி, அழகாக எழுதியிருக்கிறார்கள். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தபோது செட்டியார்கள் கடைகளை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சுதந்திர பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் பேரேட்டில் 1949ஆம் வருடப் பக்கத்தில் அப்பத்தாவின் பேரில் ஒரே வரியில் முழுத் தொகையும் பற்று எழுதி, கணக்குத் தீர்ந்தது என்று போட்டிருந்தது.

அந்தப் பணம் தன் கைக்கு வரவேயில்லை என்று அப்பத்தா ஒருமுறை சொல்லியிருந்தார். அப்படியானால் கணக்கு பொய்யா என்று கேட்டேன். "ஏட்டுல பொய்யில்லடி. எழுதுறதுக்கு முன்னாடி என்னைய யாரும் கேக்கல, அம்புட்டுத்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. புளி ஆய்ந்துகொண்டே சொன்னார்.

பிளாக்செயின் என்ற சொல்லை முதன்முதலாக ஒரு வழக்குக் கட்டில் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் இந்த வாக்கியம்தான் நினைவுக்கு வந்தது. அழிக்க முடியாத கணக்கு என்று அதைப் புகழ்கிறார்கள். அழிக்க முடியாத கணக்கு நியாயமான கணக்காகவும் இருக்குமா? இதைக் கணினிக்காரர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. பெண்களுக்கு இந்தக் கேள்வியோடு பழைய பழக்கம் உண்டு.

*

செட்டிநாட்டுக்காரர்களுக்குப் பிளாக்செயினை விளக்குவது சுலபம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் இருந்த கடைகளிலிருந்து முதலாளி வீட்டுக்குக் கணக்கு வரும். இங்கே உட்கார்ந்து அதை ஒத்துப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் திருத்தினால் இன்னோரிடத்தில் உதைக்கும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு கடையையே நடத்தப் போகிறவன் முதலில் கற்பது ஐந்தொகை போடுவது. பிளாக்செயினும் ஒரு பேரேடுதான். அதன் நகல் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் கைரேகை போல ஓர் எண் இருக்கும். நடுவில் ஒரு வரியை மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாப் பக்கத்து ரேகையும் கெட்டுப்போகும், எல்லோருக்கும் தெரிந்துபோகும்.

வித்தியாசம் ஓரிடத்தில்தான். செட்டியார் கணக்கு ஆளை நம்பி நடந்தது. எந்தக் கோயில், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துத்தான் கடன். 2008இல் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வந்த பிட்காயின் கட்டுரை, ஆளை நம்பவே தேவையில்லாத ஒரு கணக்கை முன்வைத்தது. வங்கி வேண்டாம், பதிவாளர் வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம். ரகசியச் சாவி ஒன்று உங்களிடம் இருந்தால் அந்தச் சாவிக்குரிய சொத்து உங்களுடையது. அவ்வளவுதான் விதி.

நம் அரசும் இதில் இறங்கியிருக்கிறது. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பிளாக்செயின் கொள்கையை வெளியிட்டது. அரசு ஆவணங்களுக்கான பிளாக்செயின் கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்று பெயர் வைத்தார்கள். சான்றிதழ்களைச் சேமித்து வைக்கும் கைபேசிச் செயலிக்கு 'இ-பெட்டகம்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றில் ஒரு கலக்கமும் வந்தது.

*

ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்த யோசனை என்னையும் இழுத்தது.

கோயில் கணக்கில் கல்யாணமான ஒவ்வோர் ஆணின் குடும்பமும் ஒரு புள்ளி. பெண் அந்தப் புள்ளிக்குள் அடக்கம். அப்பத்தாவின் இசைகுடிமான ஓலையை நான் பார்த்திருக்கிறேன். இரு வீட்டாரின் ஊர், கோயில், பெரியவர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. அவருடைய கையெழுத்து இல்லை. பட்டாவிலும் ரேஷன் அட்டையிலும் வங்கிப் படிவத்திலும் "யாருடைய மகள், யாருடைய மனைவி" என்ற கேள்விக்குப் பதில் எழுதியே வாழ்ந்த நமக்கு, அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஓர் ஏடு விடுதலை போலத் தெரிவதில் ஆச்சரியமில்லை. அந்த ஏட்டுக்கு நீங்கள் பெண்ணா என்றும் தெரியாது, விதவையா என்றும் தெரியாது.

பெண்களின் ரகசியச் சேமிப்புக்கு நம் மொழியில் சிறுவாடு என்ற சொல்லே இருக்கிறது. அரிசிப் பானை, சாமி படத்தின் பின்பக்கம், பழைய புடவை மடிப்பு ஆகியவைதான் அதன் வங்கிகள். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்த வங்கிகள் எல்லாம் ஒரே நாளில் உடைந்தன. கணவருக்குத் தெரியாமல் பத்து வருடம் சேர்த்ததைக் கணவர் கையிலேயே கொடுத்து, மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. இரண்டரை லட்சம் வரை வீட்டுப் பெண்கள் போடும் பணத்தைப் பற்றிக் கேட்க மாட்டோம் என்று அரசு சொன்னது. வருமான வரிக்காரர் கேட்கவில்லை, சரி. வீட்டில் கேட்டார்களே. அடி வாங்கியவர்கள் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அப்போது எனக்குத் தோன்றியது: இந்தப் பெண்களுக்கு அரசாலும் கணவனாலும் திறக்க முடியாத ஒரு பெட்டகம் இருந்திருந்தால்?

ஏழெட்டு வருடம் கழித்து அப்படிப்பட்ட பெட்டகத்தை நேரில் பார்த்தேன். அது ஒரு கணவனிடம் இருந்தது.

*

கல்லல் பக்கத்திலிருந்து வந்த பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். பிறந்த வீட்டில் போட்ட நகை இருபத்தெட்டு பவுன். 2021இல் கணவர் அதை விற்று கிரிப்டோ வாங்கினார். ஆறு மாதத்தில் இரட்டிப்பாகும், மகளுக்கு ஆகும் என்று சொல்லியிருக்கிறார். பிறகு அவர் வேறொரு வாழ்க்கைக்குப் போய்விட்டார். ஜீவனாம்சம் கேட்டால் வருமானமில்லை என்கிறார். நகையைக் கேட்டால் வாலட்டில் இருக்கிறது, அதைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களை எழுதிய தாள் தொலைந்துவிட்டது என்கிறார்.

"பன்னெண்டு வார்த்தைக்குள்ள எப்புடி ஆச்சி இருபத்தெட்டு பவுன் இருக்கும்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைச் சட்டக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

வாலட் என்பதற்குள் உண்மையில் ஒன்றும் இல்லை. சொத்து அந்தப் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. அதை நகர்த்தும் சாவிதான் வாலட்டில் இருக்கிறது. சாவி தொலைந்தால் திரும்பப் பெறுவதற்கு ஒருமுறை இந்தப் பன்னிரண்டு அல்லது இருபத்துநான்கு சொற்கள். அவை யாரிடம் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அவர் தாள் தொலைந்தது என்று சொன்னால், அது பொய்யென்று நிரூபிக்க வழியில்லை. தாசில்தாரை அனுப்பி ஜப்தி செய்ய முடியாது. வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதிக் கணக்கை முடக்க முடியாது. அந்தப் பேரேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை, கணவரின் பெயரும் இல்லை. ஒரு நீண்ட எண் மட்டும் இருக்கிறது.

யாரையும் நம்பத் தேவையில்லாத தொழில்நுட்பம் என்கிறார்கள். ஆனால் அந்தச் சங்கிலிக்குள் நுழைவதற்கு முன்னால் அந்தப் பெண் ஓர் ஆளை நம்பித்தான் நகையைக் கழற்றிக் கொடுத்தார். தொழில்நுட்பம் அந்த நம்பிக்கையைத் தேவையற்றதாக்கவில்லை. நம்பிக்கை மோசம் போனதற்கான தடயத்தைத்தான் விழுங்கிவிட்டது.

*

சாவி யாரிடமோ அவருக்கே சொத்து என்ற விதி புதிதென்று நினைக்கிறார்கள். பெண்களைப் பொறுத்தவரை உலகத்திலேயே பழைய விதி அதுதான். அதை உடைக்கத்தான் நூறு வருடமாகச் சட்டத்தோடு மல்லுக்கட்டினோம்.

1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பெண் தன் வசம் வைத்திருந்த சொத்தை ஆயுள் வரை அனுபவிக்கும் பாத்தியமாக இல்லாமல் முழு உரிமையாக்கியது. 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. கல்யாணமானதும் மனைவியின் சீதனம் கணவனோடு கூட்டுச் சொத்தாகிவிடுவதில்லை. அவன் பீரோவில் இருந்தாலும் அது அவளுடையதுதான். அவனிடம் அது நம்பி ஒப்படைக்கப்பட்டது. திருப்பித் தராவிட்டால் அது குடும்பச் சண்டை மட்டும் ஆகாது, நம்பிக்கை மோசடி என்ற குற்றமும் ஆகும். 2024 ஏப்ரலில் ஒரு கேரளப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே மறுபடி சொன்னது. அவருக்குப் போட்ட 89 பவுனைக் கல்யாணத்தன்றே பத்திரமாக வைக்கிறோம் என்று வாங்கிக்கொண்டார்கள். அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்புகள் சொல்வது சாதாரணமான ஒன்று: வைத்திருப்பது வேறு, உரிமை வேறு. எங்கள் அப்பத்தா சாவி வைத்திருந்தார், உரிமை இல்லை. கல்லல் பெண்ணுக்கு உரிமை இருக்கிறது, சாவி இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்ததால்தான் சட்டம் பெண்களுக்குக் கொஞ்சமாவது உதவியது. பிளாக்செயின் இந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்குகிறது.

கிரிப்டோவைச் சட்டம் என்னவென்று பார்ப்பது என்பதில் இந்தியா பல வருடம் தடுமாறியது. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்றது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2022 நிதிச் சட்டம் அதற்கு மெய்நிகர் எண்மச் சொத்து என்று பெயர் வைத்து லாபத்தில் 30 சதவீதம் வரி போட்டது. விற்கும்போது 1 சதவீதம் பிடித்தம். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழும் கொண்டுவந்தார்கள். வரி வாங்கும் கண்ணும் குற்றவாளியைத் தேடும் கண்ணும் வந்துவிட்டன. சொத்தை இழந்தவரைப் பார்க்கும் கண் வரவில்லை.

அது 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. வழக்குப் போட்டவர் ஒரு பெண். 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் தளத்தில் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற நாணயம் வாங்கியிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் அந்தத் தளத்தின் வேறு வகை நாணயங்கள், சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ளவை, திருடு போயின. நிறுவனம் எல்லோர் கணக்கையும் முடக்கியது. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்றது. இவருடைய நாணயம் திருடு போனதே இல்லை. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ பணமல்ல, தொட்டுப் பார்க்கும் பொருளும் அல்ல, ஆனால் அது சொத்து என்றார். அனுபவிக்கக்கூடியது, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடியது என்றார். நியூசிலாந்து நீதிமன்றம் 2020இல் கிரிப்டோபியா வழக்கில் சொன்னதையும் எடுத்துக்கொண்டார்.

பத்திரிகைகள் இதை முதலீட்டாளர் செய்தியாகப் போட்டன. எனக்கு அது சீதனத் தீர்ப்பாகப் பட்டது. நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றால், சாவிக்காரன் உரிமையாளனாக இல்லாமல் வெறும் பொறுப்பாளனாகவும் இருக்கலாம் என்று பொருள். 1985இல் பீரோவுக்குச் சொன்னதும் 2025இல் வாலட்டுக்குச் சொன்னதும் என் மேசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. கல்லல் பெண்ணின் மனுவில் இரண்டையும் சேர்த்து எழுதினேன்.

*

அழியாத பதிவு என்பதை மட்டும் பெண்களுக்கு எதிரி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு நேர்மை இடம் கொடுக்கவில்லை. காரணம் என் வீட்டிலேயே இருக்கிறது.

தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. நாட்டிலேயே முன்னோடியான சட்டங்களில் ஒன்று. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான மகளுக்குக் கிடையாது. என் அக்காளுக்கு 1987இல் கல்யாணம் முடிந்திருந்தது. எனக்கு ஆகவில்லை. 1996இல் அப்பாவும் தம்பிமார் இருவரும் நானும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிந்தோம். எனக்குக் கண்மாய்க்கரை நிலமும் ஊருக்குள் ஒரு மனையும் வந்தன. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கு ஒரு சென்ட் இல்லை. அந்தப் பத்திரத்தை வாசித்துப் பார்த்து, சட்டப்படி சரியாக இருக்கிறது என்று சொன்னதும் நான்தான். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து இருக்கிறது.

2005இல் மத்தியச் சட்டம் திருந்தி, கல்யாணமான மகளுக்கும் சம உரிமை என்று ஆனது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பிரிவினைகளைத் தொடாது என்றும் சொன்னது. பதிவேட்டின் அழியாத்தன்மை என் அக்காளுக்குக் கதவைச் சாத்தியது. அதே பதிவேடு வேறு பல பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், முன்பே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம் என்று சொல்லி மகளை ஏமாற்றும் வேலை எளிதில் நடக்காது, பதிவான பத்திரமோ நீதிமன்ற ஆணையோ பொது ஆவணமோ காட்டு என்றது. வாய்ச்சொல்லை விட ஏடு பெண்ணுக்கு நல்லது என்று நீதிமன்றமே கண்ட இடம் அது. நானே அந்தத் தீர்ப்பை வைத்து இரண்டு மூன்று வழக்குகளில் பெண்களுக்குப் பங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே ஏடு அழிய வேண்டுமா, நிலைக்க வேண்டுமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எழுதப்பட்ட நேரத்தில் அந்த அறையில் யார் இருந்தார்கள், யாரைக் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. அப்பத்தா சொன்னது அதைத்தான்.

மாற்றவே முடியாது என்று பிளாக்செயின்காரர்கள் சொல்வதிலும் ஒரு பாதி உண்மைதான் இருக்கிறது. 2016இல் எதீரியம் சங்கிலியில் 'தி டாவோ' என்ற கூட்டு நிதியிலிருந்து 36 லட்சம் ஈதர் நாணயங்களை ஒருவர் நிரலின் ஓட்டை வழியாக எடுத்துக்கொண்டார். நிரல்தான் சட்டம் என்று அதுவரை பேசியவர்கள் கூடிப் பேசினார்கள். ஜூலையில் சங்கிலியையே கிளை பிரித்து, எடுக்கப்பட்ட நாணயங்களைப் பணம் போட்டவர்கள் திரும்பப் பெறும்படி எழுதிக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் பழைய கிளையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. பெரிய முதல் போட்டவர்களுக்கு இழப்பு வந்தபோது ஏடு திருத்தப்பட்டது. கல்லல் பெண்ணின் இருபத்தெட்டு பவுனுக்காக யாரும் கிளை பிரிக்க மாட்டார்கள். அழியாமை என்பது கணிதத்தின் குணம் மட்டும் இல்லை. யாருக்காக அதைத் தளர்த்துவது என்று முடிவெடுக்கும் ஆட்கள் அதற்குப் பின்னால் இருக்கிறார்கள்.

அரசு ஏடுகளுக்கும் இது பொருந்தும். வன்முறைக் கணவனிடமிருந்து வந்த பெண் தன் சான்றிதழ்களிலிருந்து அவன் பெயரை எடுக்க வேண்டியிருக்கும். திருநங்கை ஒருவர் பழைய பெயரைப் பள்ளிச் சான்றிதழிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். 2023இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. அழிக்க முடியாது என்பதையே பெருமையாகச் சொல்லும் அமைப்பில் அந்த உரிமையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? தனிநபர் விவரத்தைச் சங்கிலிக்கு வெளியே வைத்து, அதன் ரேகையை மட்டும் சங்கிலியில் ஏற்றலாம் என்று வல்லுநர்கள் சொல்கிறார்கள். வழி இருக்கிறது. அதை முதலிலேயே கேட்டு வாங்க வேண்டும், பிறகு ஒட்டுப்போட முடியாது.

*

1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 34ஆவதாக ஒரு பிரிவு இருந்தது. ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தின் பதிவுகள் சாட்சியமாகும். ஆனால் அந்தப் பதிவு மட்டுமே ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது. 2024 ஜூலையில் வந்த பாரதிய சாட்சிய அதினியமிலும் 28ஆம் பிரிவாக இது அப்படியே இருக்கிறது. லேவாதேவிக்காரர்களின் பேரேட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் என்று எனக்குத் தோன்றும். கணக்கை எழுதுகிறவன் கை ஓங்கியே இருக்கும். ஆகவே வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்.

புதிய சட்டம் மின்பதிவுகளுக்கான சான்றிதழில் ரேகை எண்ணைக் குறிப்பிடச் சொல்கிறது. அது நல்லது. ஆனால் ரேகை என்ன சொல்லும்? இந்தப் பக்கம் எழுதிய பிறகு மாறவில்லை என்று சொல்லும். எழுதியது உண்மையா என்று சொல்லாது. 1949இல் எங்கள் பேரேடு பிளாக்செயினில் இருந்திருந்தால், அப்பத்தா பேரில் போட்ட பற்று இன்றைக்கும் ஒரு புள்ளி மாறாமல் இருந்திருக்கும். அவ்வளவுதான். பெட்டகம் பத்திரமாக இருப்பதால் உள்ளே இருப்பது யாருடையது என்ற வழக்கு தீராது.

அப்படியானால் என்ன வேண்டும் என்கிறேன்? தடை செய் என்று சொல்லவில்லை. மூன்று காரியம் சொல்கிறேன், மூன்றும் நடக்கக்கூடியவை.

முதலாவது, ஜீவனாம்ச வழக்குகள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று விதித்தது. அதில் கிரிப்டோவுக்கென்று ஒரு வரி சேர வேண்டும். இந்தியத் தளங்கள் வழியாக விற்றால் 1 சதவீதம் பிடித்தம் கணவரின் வரிக் கணக்கில் ஏறும். அந்தத் தடத்தை வரித் துறை மட்டும் பார்த்தால் போதாது, மனைவி கேட்டால் நீதிமன்றம் வரவழைக்க வேண்டும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொத்தை விற்காதே, லாக்கரைத் திறக்காதே என்று உத்தரவிட ஏற்கெனவே இடம் கொடுக்கிறது. வாலட்டும் அதற்குள் வரும் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, கேட்டு எழுதுவது. 1985ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடுப்பு விதிகளின்படி கல்யாணப் பரிசுகளுக்குப் பட்டியல் எழுத வேண்டும். பொருள், மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவு, கடைசியில் கையெழுத்து. எங்கள் ஊரில் சாமான் பரப்பி வைத்து ஊரே வந்து பார்க்கும். இந்த விதிப்படி மணப்பெண் கையெழுத்திட்ட பட்டியலை நான் பார்த்தது கைவிட்டு எண்ணும் அளவுதான். அரசுக்குப் புதுச் சங்கிலி கட்ட ஆசையென்றால் இங்கிருந்து தொடங்கலாம். பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் அவள் பேரில் வரவோ பற்றோ ஏறாத ஓர் ஏடு.

மூன்றாவது கடினமானது. சிறுவாடும் கறுப்புப் பணமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் தெரியும், இரண்டும் ஒளித்துவைத்தவை. ஒழுங்குமுறை செய்கிறவர்கள் எல்லா ரகசியத்தையும் ஒரே சல்லடையில் போட்டால் முதலில் அகப்படுவது சிறுவாடுதான், ஏனென்றால் அதற்கு வக்கீல் கிடையாது. யாரிடமிருந்து, எதற்காக ஒளிக்கிறார் என்று பார்க்க வேண்டும். தன்னை அடக்குகிறவனிடமிருந்து ஒளிப்பதும், தன்னால் ஏமாற்றப்பட்டவரிடமிருந்து ஒளிப்பதும் ஒன்றல்ல. சிறு தொகைகளுக்குக் குடும்பத்தாருக்கும் தெரியாத அந்தரங்கம் வேண்டும், பெரிய தொகைகளுக்கு நீதிமன்றத்தின் முன் வெளிச்சம் வேண்டும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதில் எனக்கும் குழப்பம் உண்டு.

நீதிமன்றத்தை இவ்வளவு நம்புகிறாயே, அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் ஆண்கள்தானே, வழக்கு முடிவதற்குள் அந்தப் பெண்ணின் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடுமே என்று தோழிகள் கேட்கிறார்கள். உண்மைதான். கல்லல் பெண்ணின் வழக்கு இன்னும் நடக்கிறது. சாவி தொலைந்ததாகச் சொன்னவர் குறுக்கு விசாரணையில் தடுமாறினார், அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை. ஆனால் நீதிமன்றத்தில் அவரைக் கூண்டில் ஏற்றி "யாருடைய நகை?" என்று கேட்க முடிந்தது. அந்தப் பேரேட்டிடம் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.

*

அக்காளுக்கு நான் செய்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்லி முடிக்கிறேன். சட்டம் என்னை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருடம் சும்மா இருந்தேன். மற்றப் பெண்களுக்காகக் கூண்டில் ஆண்களை நிறுத்தி யாருடைய சொத்து என்று கேட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து என் மனையில் காய்த்த தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேரேட்டில் தவறு வந்தால் அழிக்கக் கூடாது என்பது கணக்குப்பிள்ளைகளின் பழைய பாடம். அடித்தல் திருத்தல் இருந்தால் சந்தேகம் வரும். தவறை அப்படியே விட்டுவிட்டு, கீழே இன்னொரு வரி எதிர்ப்பதிவாக எழுத வேண்டும். பிளாக்செயினிலும் திருத்துவதற்கு அதுதான் வழி. போன தை மாதம் சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அந்த மனையை அக்காள் பேரில் செட்டில்மென்ட் எழுதிப் பதிந்தேன். நிலத்தை இன்னும் எழுதவில்லை. என் மகனிடம் பேச வேண்டியிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பத்திரம் எழுதுவதற்கு முன் அக்காளிடம் போய்க் கேட்டேன். உனக்கு இது வேண்டுமா, இந்த வாசகம் சரியா, படித்துப் பார் என்று கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். அறுபது வயது தாண்டிய பிறகு, ஒரு சொத்துப் பத்திரத்தைக் கையெழுத்துக்கு முன் யாரோ தன்னிடம் வாசிக்கக் கொடுப்பது அதுதான் முதல் தடவை என்றார். பிறகு இரண்டாம் பக்கத்தில் தன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருப்பதைக் காட்டினார். திருத்தித்தான் பதிந்தோம்.